டயாலிசிஸ் நோயாளியின் கைக்குழாயும் கேளா ஒலிச் சோதனையும்

ஹைதராபாத் நகரின் தென்கிழக்குப் பகுதியிலுள்ள காஞ்சன்பாக், உலோகங்களுக்குப் பெயர் பெற்ற இடமாகும். பாதுகாப்பு உலோக ஆராய்ச்சிக் கூடமும், பாதுகாப்பு ஆராய்ச்சி வளர்ச்சிக் கூடமும், 1973-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகம் என்னும் அரசுத் தொழிற்சாலையும் இங்கு அமைந்துள்ளன. டைட்டானியம் கலவைகளும், கடும் வெப்பத்தைத் தாங்கும் சிறப்பு உலோகங்களும் இங்கே வார்க்கப்பட்டு, சம்மட்டி எந்திரங்களால் அடித்து உருவாக்கப்படுகின்றன. விமானத்திலோ ராக்கெட்டிலோ பொருத்தப்படவிருக்கும் ஓர் உலோகத் தண்டின் உள்ளே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு இருப்பினும் அது பேராபத்தாக முடியும். ஆனால் உள்ளே வெடிப்பு உள்ளதா என்று பார்ப்பதற்காகத் தண்டை அறுத்துவிட்டால், பின்னர் அந்தத் தண்டினால் பயன் ஒன்றும் இல்லை. ஆகவே, மனிதச் செவிக்கு எட்டாத ஒலி அலைகளை உலோகத்திற்குள் செலுத்தி, அவை திரும்பி வரும் விதத்தைக் கொண்டு உள்ளிருக்கும் குறையைக் கண்டறிகின்றனர்.

இதே முறை மனித உடலிலும் கையாளப்படுகிறது. சிறுநீரகம் முற்றிலும் பழுதடைந்து, டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பினால் உயிர் வாழும் ஒருவரின் கையில் ஓர் இரத்தக் குழாய் இருக்கிறது. அவருடைய வாழ்வு அந்தக் குழாயை நம்பியுள்ளது. அதனையும் அறுத்துப் பார்க்க இயலாது. அதன் உள்ளே குறுக்கம் ஏற்பட்டிருக்கிறதா, இரத்தம் போதிய அளவு ஓடுகிறதா என்பதைக் கேளா ஒலியே தெரிவிக்க வேண்டும். அச்சோதனை எவ்வாறு நடைபெறுகிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழிற்சாலையிலிருந்து மருத்துவமனைக்கு

உலோகச் சோதனைக்கும் உடற்சோதனைக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று, சரித்திர பூர்வமானது. உலோகக் குறைகளைக் கேளா ஒலியினால் கண்டறியலாம் என்ற கருத்தை 1920-களின் இறுதியில் சோவியத் விஞ்ஞானி சோகோலோவ் வெளியிட்டார். 1955-ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரின் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்டு, அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட சில கட்டிகளை எடுத்துக்கொண்டு, கொதிகலன்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றார். பற்றவைப்பில் உள்ள குறைகளைக் கண்டறிவதற்காக அங்கு வைத்திருந்த கருவியை அக்கட்டிகளின் மீது வைத்துப் பார்த்தபோது, நீர் நிறைந்த கட்டியும் கெட்டியான கட்டியும் வெவ்வேறு விதமான எதிரொலிகளைத் தந்தன. அவரும் அவருடைய சகாக்களும் 1958-இல் வெளியிட்ட ஆய்வுரை, இன்றைய அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கு அடிகோலியது எனலாம்.

காஞ்சன்பாக்கிலும் உலோக அறிவு மருத்துவத்திற்குப் பயன்பட்ட வரலாறு உண்டு. 1990-களில், பாதுகாப்பு விஞ்ஞானி அப்துல் கலாமும் இதய நிபுணர் டாக்டர் சோமராஜுவும் கூடி முயன்றதன் பயனாக, இதயத் தமனியை விரித்து வைக்கும் உலோகச் சுருள் ஒன்று உள்நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. அது ‘கலாம்-ராஜு ஸ்டென்ட்’ என்று பெயர் பெற்றது.

கையில் ஒரு குழாய் ஏன் வேண்டும்?

டயாலிசிஸ் எந்திரத்தில் இரத்தம் நிமிடத்திற்குச் சுமார் 300 மில்லிலிட்டர் வீதம் உடலிலிருந்து வெளியேறி, நுண்ணிய சவ்வுகளின் ஊடே சென்று, கழிவு நீங்கி மீண்டும் உடலுக்குத் திரும்புகிறது. இவ்வாறு 4 மணி நேரம் நடைபெறுமானால் 72 லிட்டர் இரத்தம் எந்திரத்தின் வழியே சென்று வந்ததாகும். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் உள்ள இரத்தமோ ஏறத்தாழ 5 லிட்டரே. எனவே அதே இரத்தம் ஒரே அமர்வில் பதினான்கு முறைக்குக் குறையாமல் சுற்றி வருகிறது. வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஆண்டுக் கணக்கில் இது நடைபெற வேண்டும்.

இவ்வளவு வேகமாக இரத்தத்தை எங்கிருந்து எடுப்பது? தோலுக்கு அடியில் தெரியும் சிரைகளில், அதாவது அசுத்த இரத்தத்தை இதயத்திற்குக் கொண்டு செல்லும் குழாய்களில், ஓட்டம் மிகவும் மெதுவானது. வேகமாக ஓடும் தமனிகளோ ஆழத்தில் உள்ளன. அவற்றை அடிக்கடி ஊசியால் குத்துதல் ஆகாது. இந்தச் சிக்கலே நெடுங்காலம் டயாலிசிஸுக்குத் தடையாக இருந்தது. நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-ஆம் ஆண்டிலேயே செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்துவிட்டார். எனினும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய குழாயைத் திறக்க வேண்டியிருந்தமையால், சில முறைகளுக்குப் பின் திறப்பதற்குக் குழாய் எஞ்சவில்லை.

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சியாட்டில் நகரைச் சேர்ந்த டாக்டர் ஸ்க்ரிப்னர், ஒரு தமனியையும் ஒரு சிரையையும் டெஃப்லான் குழாயினால் கைக்கு வெளியே இணைத்து வைத்தார். நீடித்த டயாலிசிஸ் அன்றுதான் சாத்தியமாயிற்று. ஆயினும் அக்குழாயில் இரத்தம் உறைவதும் நோய்த்தொற்று உண்டாவதும் வழக்கமாக இருந்தன. பின்னர் நியூயார்க் நகரில் ஒரு படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய பிரேஷியா, சிமினோ, ஏப்பெல் என்னும் மருத்துவர்களும் அவர்களுடைய சகாவும் வேறொரு வழியைக் கண்டனர். மணிக்கட்டில் நாடி பார்க்கும் தமனியை, அருகிலுள்ள சிரையோடு தோலுக்கு அடியிலேயே தைத்து இணைத்தனர். 1966-இல் வெளியான இம்முறையே இன்று உலகெங்கும் ‘ஃபிஸ்டுலா’ என வழங்குகிறது. அயற்பொருள் எதுவும் இதில் இல்லை. நோயாளியின் சொந்தக் குழாய்களே இதற்குப் போதும்.

இந்தியாவில் இரத்த டயாலிசிஸ் 1960-களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிற்று. 2016-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்ட உரையில், நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் சிறுநீரகச் செயலிழப்பின் இறுதிக் கட்டத்தை அடைகின்றனர் என்றும், இதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்றும் குறிப்பிடப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் வசதி ஏற்படுத்தும் தேசியத் திட்டமும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. தெலங்கானாவில் ஆரோக்கியஸ்ரீ திட்டமும், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இச்சிகிச்சையின் செலவை ஏற்கின்றன. எந்திரங்கள் பெருகி வருகின்றன. ஆனால் எந்திரம் அருகில் இருந்தாலும், கையில் நல்ல குழாய் இல்லையெனில் சிகிச்சை நடைபெறாது.

ஃபிஸ்டுலா பழுப்பது எவ்வாறு?

மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்திற்கு 20 முதல் 30 மில்லிலிட்டர் இரத்தமே ஓடுகிறது. சிரையோடு இணைத்தவுடன், ஓட்டத்திற்குத் தடை குறைந்துவிடுவதால், அந்த அளவு உடனே பல மடங்கு உயர்கிறது. புதிய அழுத்தத்தையும் வேகத்தையும் ஏற்கும் சிரை நாளடைவில் விரிந்து, அதன் சுவரும் தடிக்கிறது. இதனைக் குழாய் ‘பழுத்தல்’ எனலாம். இதற்கு 6 வாரங்கள் முதல் 3 மாதங்கள் வரை ஆகலாம். சிலருக்கு அது பழுக்காமலே போவதும் உண்டு.

சொந்தச் சிரை பொருத்தமாக இல்லாதவர்களுக்கு, விரித்து நுண்துளையுடையதாக்கப்பட்ட டெஃப்லான் வகைப் பொருளால் ஆன குழாயைத் தோலுக்கு அடியில் பதித்து, அதன் ஒரு முனையைத் தமனியோடும் மறு முனையைச் சிரையோடும் இணைப்பர். இதற்குக் ‘கிராஃப்ட்’ என்று பெயர். இதன் விட்டம் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர். இரண்டு மூன்று வாரங்களில் இதனை உபயோகிக்கத் தொடங்கலாம். ஆனால் ஃபிஸ்டுலாவைக் காட்டிலும் இதில் இரத்தம் உறையும் வாய்ப்பும், தொற்று ஏற்படும் வாய்ப்பும் அதிகம்.

இரண்டுக்கும் பொதுவான பகை குறுக்கம் ஆகும். மிகுந்த வேகத்தில் சுழித்தோடும் இரத்தத்தின் உராய்வினாலும், ஊசிகள் திரும்பத் திரும்பக் குத்தப்படுவதனாலும் குழாயின் உட்படலம் தடித்து, வழி சுருங்குகிறது. ஃபிஸ்டுலாவில் இது தமனியும் சிரையும் இணையும் இடத்திற்கு அருகே மிகுதியாகக் காணப்படும். கிராஃப்டில் அது சிரையோடு இணையும் முனையில் பெரும்பாலும் நேரிடும். குறுக்கம் முற்றினால் ஓட்டம் தளர்ந்து, ஒரு நாள் இரத்தம் உறைந்துவிடும். அப்போது கழுத்திலுள்ள பெருஞ்சிரையில் தற்காலிகக் குழாய் ஒன்றைச் செருகி டயாலிசிஸ் செய்ய நேரிடும். அதன் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து விளையலாம். அன்றியும், ஒருவருடைய கைகளில் ஃபிஸ்டுலாவுக்கு ஏற்ற இடங்கள் சிலவே உள்ளன. ஒன்றை இழந்தால் மற்றொன்று. அதனையும் இழந்தால் பிறகு எங்கே என்ற கேள்வி எழுகிறது. இந்த இழப்பைத் தவிர்ப்பதே சோதனையின் பயன்.

ஒலி வேகத்தை எவ்வாறு அளக்கிறது?

மனிதச் செவி ஒரு வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். கைக்குழாயைச் சோதிக்கும் கருவியோ வினாடிக்கு 70 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் அதிர்வுகள் வரை கொண்ட ஒலியை அனுப்புகிறது. உடலின் மென்தசைகளில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரொலி திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு ஆழம் கணக்கிடப்பட்டு, குழாயின் உருவம் திரையில் வரையப்படுகிறது. அலையின் நீளம் சிறியதாக இருக்குமளவுக்கு உருவம் நுண்ணியதாக இருக்கும். வினாடிக்கு 1 கோடி அதிர்வுகள் எனில் அலை நீளம் சுமார் 0.15 மில்லிமீட்டரே. ஆனால் அதிர்வு மிகுந்த ஒலி ஆழமாகச் செல்லாது. கைக்குழாய் தோலுக்கு அருகிலேயே இருப்பதால் இக்குறை இங்கே தடையாவதில்லை.

உருவம் மட்டும் போதாது. ஓட்டமும் தெரிய வேண்டும். இதற்கு டாப்ளர் விதி உதவுகிறது. அணுகி வரும் ரயிலின் ஊதல் உச்ச ஸ்தாயியிலும், விலகிச் செல்லும் ரயிலின் ஊதல் தாழ்ந்த ஸ்தாயியிலும் கேட்பதை யாவரும் அறிவர். இதற்குரிய விதியை ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் வெளியிட்டார். நெதர்லாந்து விஞ்ஞானி பைஸ் பாலட் 1845-இல் ரயில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை அமர்த்தி, வழியில் இசை வல்லுநர்களை நிறுத்தி, அதனை மெய்ப்பித்தார். இரத்தத்தில் மிதந்தோடும் சிவப்பணுக்கள் ஒலியைச் சிதறடிக்கும்போதும் இதே மாறுதல் நிகழ்கிறது. அணுக்கள் கருவியை நோக்கி வந்தால் திரும்பும் ஒலியின் அதிர்வெண் கூடும். விலகிச் சென்றால் குறையும்.

ஓர் உதாரணம் காண்போம். கருவி அனுப்பும் ஒலி வினாடிக்கு 50 லட்சம் அதிர்வுகள். இரத்தத்தின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். ஒலிக்கதிருக்கும் குழாய்க்கும் இடையே உள்ள கோணம் 60 பாகை என்று கொள்வோம். அப்போது மாறுதல் வினாடிக்குச் சுமார் 3,250 அதிர்வுகளாகும். இது செவிக்கு எட்டும் ஒலியாதலால், பரிசோதனை அறையில் ‘உஸ், உஸ்’ என்னும் ஓசையாக அதனை நேரே கேட்கலாம்.

கோணத்தைச் சரியாக அமைப்பது இன்றியமையாதது. கோணம் உண்மையில் 60 பாகையாக இருக்க, அதனை 65 பாகை என்று தவறாகக் குறித்துவிட்டால், வேகம் சுமார் 18 சதவீதம் மிகையாகக் காட்டப்படும். ஆகவேதான் கோணம் 60 பாகைக்கு மேற்படலாகாது என்று வற்புறுத்துகின்றனர். அதற்கு மேல் சிறு பிழையும் பெரும் பிழையாகிவிடும்.

மூன்று கட்டங்களில் சோதனை

முதற்கட்டம் அறுவைக்கு முன்னர். தமனியின் உள்விட்டம் குறைந்தது 2 மில்லிமீட்டரும், மேற்கையைப் பட்டியால் இறுக்கிய நிலையில் சிரையின் விட்டம் 2.5 மில்லிமீட்டரும் இருந்தால் ஃபிஸ்டுலாவுக்கு ஏற்றது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. கிராஃப்டுக்குச் சிரை 4 மில்லிமீட்டராவது இருத்தல் நன்று. சிரை அழுத்தினால் நன்கு அமுங்குகிறதா, பழைய ஊசிகளால் தழும்பேறி அடைபட்டிருக்கிறதா, தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பனவும் நோக்கப்படும். கண்ணுக்குப் புலப்படாத நல்ல சிரை கருவியினால் கண்டறியப்பட்ட நிகழ்ச்சிகள் பல. பருத்த கைகளை உடையவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

இரண்டாம் கட்டம், குழாய் பழுத்துவிட்டதா என்பதை அறிதல். இதற்கு ‘ஆறின் விதி’ என்று ஒன்று வழங்கி வருகிறது. அறுவைக்குப் பின் சுமார் 6 வாரங்களில் குழாயின் விட்டம் 6 மில்லிமீட்டர், தோலிலிருந்து ஆழம் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமை, ஓட்டம் நிமிடத்திற்கு 600 மில்லிலிட்டர் ஆகியவை இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. நினைவில் வைத்துக்கொள்ள எளிதாகையால் இது பரவலாயிற்று. எனினும் 4 மில்லிமீட்டர் விட்டமும் 500 மில்லிலிட்டர் ஓட்டமும் உள்ள ஃபிஸ்டுலாக்களும் பெரும்பாலும் பயன்படுகின்றன என்பது அனுபவம்.

ஓட்டத்தைக் கணக்கிடும் முறை உயர்நிலைப் பள்ளி மாணவருக்கும் விளங்கக்கூடியதே. குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பை இரத்தத்தின் சராசரி வேகத்தால் பெருக்கினால் வினாடிக்கு எவ்வளவு இரத்தம் செல்கிறது என்பது கிடைக்கும். விட்டம் 6 மில்லிமீட்டர் எனில் பரப்பு 0.283 சதுர சென்டிமீட்டர். சராசரி வேகம் வினாடிக்கு 40 சென்டிமீட்டர் எனில், வினாடிக்கு 11.3 கன சென்டிமீட்டர். அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 680 மில்லிலிட்டர். இது போதுமான ஓட்டமாகும். அதே விட்டத்தை 5 மில்லிமீட்டர் என்று பிழையாக அளந்துவிட்டால் விடை சுமார் 470 மில்லிலிட்டர் என்று வரும். நல்ல குழாயொன்று பழுதுற்றதாக எண்ணப்படுவதற்கு ஒரு மில்லிமீட்டர் பிழை போதும். கருவியைக் கையின் மீது சற்றே அழுத்திப் பிடித்தாலும் மெல்லிய சிரை தட்டையாகி இப்பிழை நேரும். தேர்ந்த பரிசோதகர் களிம்பை மிகுதியாகத் தடவி, கருவி தோலில் படும்படி மட்டும் பிடிப்பது இதனாலேயாம். வேகமும் ஓட்டமும் சுழிப்பின்றி நேராக உள்ள பகுதியில், அல்லது முழங்கைக்கு மேலுள்ள தமனியில் அளக்கப்படுவதும் இக்காரணத்தினாலேயே.

மூன்றாம் கட்டம், உபயோகத்தில் உள்ள குழாயில் சந்தேகம் எழுந்தபோது குறுக்கத்தைத் தேடுதல். இதனை ஆசிரியர்கள் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் கொண்டு வகுப்பில் விளக்கலாம். குழாயின் வாயைக் கட்டைவிரலால் சிறிதளவு மூடினால் நீர் சீறிப் பாய்கிறது. சிறுத்த வழியில் வேகம் மிகுகிறது. மேலும் மூடிக்கொண்டே போனால் மொத்த ஓட்டம் குறைந்து, இறுதியில் நின்றுவிடும். இரத்தக் குழாயிலும் இவ்வாறே. குறுகிய இடத்தின் உச்ச வேகம், அதற்குச் சற்று முன்னுள்ள இடத்தின் வேகத்தைப் போல் 2 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால், பாதிக்கு மேற்பட்ட குறுக்கம் உள்ளதாக ஐயுறலாம். தமனியும் சிரையும் இணையும் இடத்தில் இயற்கையாகவே வேகம் மிகுதியாதலால், அங்கே 3 மடங்கு என்பது அளவாகக் கொள்ளப்படுகிறது. வேகம் மிகுந்த இடத்தில் உருவத்திலும் வழி சுருங்கித் தோன்றினால் முடிவு உறுதிப்படும். ஃபிஸ்டுலாவில் மொத்த ஓட்டம் நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டருக்கும், கிராஃப்டில் 600 மில்லிலிட்டருக்கும் குறைந்திருந்தால் அடைப்பு நெருங்குவதாகக் கருதி, பலூன் கொண்டு குறுக்கத்தை விரிப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார்.

இவையன்றி, ஊசி குத்திய இடத்தில் சுவர் கிழிந்து இரத்தம் பை போலத் தேங்கியிருத்தல், கிராஃப்டைச் சுற்றிச் சீழ் அல்லது நீர் சேர்ந்திருத்தல், விரல்களுக்குச் செல்ல வேண்டிய இரத்தம் ஃபிஸ்டுலாவுக்குத் திரும்பிவிடுதல் ஆகியவற்றையும் கருவி காட்டும். ஓட்டம் நிமிடத்திற்கு 1,500 அல்லது 2,000 மில்லிலிட்டருக்கு மேல் மிகுந்துவிடுவதும் நல்லதன்று. அது இதயத்திற்குச் சுமையாகும்.

கருவியின் எல்லை

இத்துணைப் பயனுள்ள கருவிக்கும் எல்லைகள் உண்டு. கழுத்துப்பட்டை எலும்புக்கு அடியிலும் மார்புக்குள்ளும் செல்லும் பெருஞ்சிரைகளை அது தெளிவாகக் காட்டாது. எலும்பும் நுரையீரலிலுள்ள காற்றும் ஒலியைத் தடுத்துவிடும். முன்னர் கழுத்தில் குழாய் செருகப்பட்டவர்களுக்கு இச்சிரைகளிலேயே குறுக்கம் உண்டாவது வழக்கமாகையால், கை முழுவதும் வீங்கியிருக்கும்போது வேறு சோதனை தேவைப்படும்.

யாதொரு தொல்லையும் இல்லாத ஃபிஸ்டுலாவையும் குறித்த காலந்தோறும் கேளா ஒலியால் சோதித்து வந்தால் அதன் ஆயுள் நீடிக்குமா என்ற கேள்வி நெடுநாளாக ஆராயப்பட்டு வருகிறது. நீடிக்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் கிட்டவில்லை. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட அமெரிக்கச் சிறுநீரக வழிகாட்டு நெறிகள், பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணாலும் கையாலும் காதாலும் ஒழுங்காகச் சோதித்து வருவதையே முதன்மையாக வைத்துள்ளன; குறி தென்பட்ட பின்னரே கருவி. கருவியில் ஓர் எண் குறைந்தது என்பதற்காக மட்டும் குழாயை விரிக்க முற்பட்டால், விரித்த இடமே புண்பட்டு மீண்டும் தடிப்பதுண்டு.

இந்தியாவில் வேறொரு நிலையும் கருதத் தக்கது. கருவிலுள்ள சிசு ஆணா பெண்ணா என்று அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அல்ட்ராசவுண்ட் கருவிகளும் அவை வைக்கப்படும் இடங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியாயினும், விரும்பிய ஊருக்கெல்லாம் அதனைக் கொண்டு செல்ல அனுமதியில்லை. பெண் சிசுக்களைக் காக்க இக்கட்டுப்பாடு தேவையே. ஆனால் சிறு ஊர்களின் டயாலிசிஸ் நிலையங்களில் கட்டிலருகே கருவி எப்போதும் கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே கைத்தொடுகையின் மதிப்பு இங்கே இன்னும் உயர்கிறது.

கை அறிவிக்கும் செய்தி

நல்ல ஃபிஸ்டுலாவின் மீது விரல்களை வைத்தால், பூனையின் உடலில் உணரப்படும் உறுமல் போன்ற ஓர் அதிர்வு இடைவிடாது தென்படும். காதை வைத்தால் தாழ்ந்த, தொடர்ந்த இரைச்சல் கேட்கும். குறுக்கம் ஏற்பட்டால் அதிர்வு மறைந்து, நாடியைப் போல் விட்டுவிட்டுத் துடிக்கும். இரைச்சல் உச்ச ஸ்தாயியில் சீழ்க்கையாக மாறும். கையை இதயத்திற்கு மேலாக உயர்த்தினால் நல்ல ஃபிஸ்டுலா தளர்ந்து அமுங்கும். உயர்த்திய பின்னும் விம்மி நிற்குமானால் இரத்தம் வெளியேறும் வழியில் தடை இருக்கலாம். ஃபிஸ்டுலாவின் மேற்பகுதியை விரலால் அழுத்தி அடைத்தால் கீழே துடிப்பு வலுக்க வேண்டும். வலுக்காவிடில் இரத்தம் உள்ளே வரும் வழியில் குறை உண்டு என ஊகிக்கலாம். ஊசியை எடுத்தபின் இரத்தம் நிற்க வழக்கத்தைவிட நெடுநேரம் ஆதல், ஊசி செலுத்துவது கடினமாதல், கை வீங்குதல், விரல்கள் குளிர்ந்து நோதல் ஆகியனவும் எச்சரிக்கைகளே.

களப்பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியவை சில உள. ஃபிஸ்டுலா உள்ள கையில் இரத்த அழுத்தம் பார்த்தல், இரத்தம் எடுத்தல், ஊசி மருந்து செலுத்துதல் ஆகியவை கூடா. அக்கையில் இறுக்கமான வளையல், கடிகாரப் பட்டை, சட்டைக் கை ஆகியவற்றைத் தவிர்க்குமாறும், அக்கையைத் தலைக்கு வைத்து உறங்காதிருக்குமாறும் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். சிறுநீரக நோய் முற்றி வருபவருக்கு ஃபிஸ்டுலா செய்வதற்கு முன்னரே, கூடியவரை புறங்கையிலேயே இரத்தம் எடுத்து, முன்கைச் சிரைகளைப் பாதுகாத்து வைத்தல் வேண்டும். நாளைக்குத் தேவைப்படும் சிரையை இன்றைய ஊசி கெடுத்துவிடக் கூடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது, நோயாளியும் வீட்டாரும் காலையிலும் மாலையிலும் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம். அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். உறைந்த இரத்தத்தை ஓரிரு நாட்களுக்குள் அகற்றினால் குழாயைப் பெரும்பாலும் மீட்கலாம். காலந்தாழ்த்தினால் வாய்ப்பு நழுவிவிடும்.

காஞ்சன்பாக்கில் சோதிக்கப்பட்ட உலோகத் தண்டு ஒரு சான்றிதழுடன் தொழிற்சாலையை விட்டு வெளியேறுகிறது. ஆனால் மனிதனின் கைக்குழாய் உயிருள்ள பொருள். வாரந்தோறும் ஊசிகளை ஏற்று, விரிந்து, தடித்து, சுருங்கி, அது மாறிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஒரு நாள் வழங்கும் சான்றிதழ் மறு மாதத்திற்குச் செல்லாது. ஆகவே அதனை அன்றாடம் கண்காணிப்பது கையின் வேலை. கை ஐயுற்றபோது குறை எங்கே, எவ்வளவு என்று அளந்து சொல்வது கேளா ஒலியின் வேலை. ஒரு கிராமத்துக் களப்பணியாளர் தம் பகுதியிலுள்ள டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த அதிர்வைத் தொட்டறியக் கற்றுக் கொடுப்பாராயின், அந்நோயாளியின் கையிலுள்ள அரிய குழாயொன்று இன்னும் சில ஆண்டுகள் நீடிக்க வழி செய்தவராவார்.